பி.காம். முடித்துவிட்டு உளவியல்: ஒரு வாசல்படியின் வரலாறு

போன மாதம் என் தங்கை மகள் விருதுநகரிலிருந்து போன் செய்தாள். பி.காம். கடைசி செமஸ்டர். "பெரியம்மா, நான் எம்.எஸ்ஸி. சைக்காலஜி சேரணும். காலேஜ்ல கேட்டா பி.எஸ்ஸி. சைக்காலஜி படிச்சவங்களுக்குத்தான் சீட்டுன்றாங்க. யூடியூப்ல பாத்தா எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம்ன்றாங்க. எது நெசம்?"

ரெண்டுமே நிஜம்தான் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர்னா இப்படித்தான் சுத்தி வளைச்சுப் பேசுவீங்களா?"

கோபம் நியாயம்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன். நான் கெமிஸ்ட்ரி டீச்சர். பி.எட்.டில் படித்த ஒரே ஒரு கல்வி உளவியல் தாள் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கதை பின்னால் வரும். அப்போது 'யார் சேரலாம், யார் சேரக் கூடாது என்று முடிவு செய்தது யார்?' என்று ஆற்றாமையில் தேட ஆரம்பித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அவளுக்குப் பதில் சொல்லும் சாக்கில் அதை இங்கே ஒழுங்குபடுத்துகிறேன். அவளைப் போலக் கேட்டுக்கொண்டு வருடா வருடம் மே மாதத்தில் நாலு பேராவது வருகிறார்கள்.

ஒரு எளிய விஷயத்திலிருந்து தொடங்கலாம். ஒரு பாடத்தில் முதன்முதலாக எம்.ஏ. வகுப்பு திறக்கும்போது, அதே பாடத்தைத் தனிப் பாடமாக பி.ஏ. படித்துவிட்டு வந்தவர் என்று யார் இருக்க முடியும்? இந்தியாவில் உளவியல் முதுகலையின் முதல் வகுப்பு முழுக்க வேறு வாசல் வழியாக வந்தவர்களுடையது.

இடம் கல்கத்தா. பரிசோதனை உளவியலுக்கு ஒரு பாடத்திட்டத்தை 1905-லேயே எழுதிவைத்தவர் பிரஜேந்திரநாத் சீல் என்ற தத்துவ அறிஞர். பத்து வருடத்துக்கு மேல் அது காகிதத்தில்தான் இருந்தது. 1916-ல் (சில நூல்கள் 1915 என்கின்றன) கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தனித்துறை வந்தது. அதற்குத் தலைமையேற்றவர் நரேந்திரநாத் சென்குப்தா. ஹார்வர்டில் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்தவர். அந்த மூன்ஸ்டர்பெர்க் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் படித்தவர். ஆக, சென்குப்தாவை வுண்ட்டின் பேரன் முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

துறை எங்கே அமர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறிவியல் கல்லூரியில், இயற்பியல், வேதியியலுக்குப் பக்கத்தில். நம் சி.வி. ராமன் 1917-ல் பாலித் பேராசிரியராக வந்து சேர்ந்ததும் இதே கல்லூரிக்குத்தான். தத்துவத்தின் மடியிலிருந்து இறங்கி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறோம் என்று அந்தத் துறை தன் முகவரியாலேயே சொன்னது. 1923-ல் இந்திய அறிவியல் மாநாட்டில் உளவியலுக்குத் தனிப் பிரிவும் கிடைத்தது.

அந்த ஆரம்ப வகுப்பில் முப்பது வயதை நெருங்கிய ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தார். கிரீந்திரசேகர போஸ். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1910-ல் பட்டம் வாங்கி, பிராக்டிஸ் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரம். ஹிப்னாடிசத்திலும் மேஜிக்கிலும் ஆர்வம் உள்ளவர். ஃபிராய்டின் எழுத்து அதிகம் ஆங்கிலத்துக்கு வராத காலத்திலேயே தன் நோயாளிகளைப் பேசவைத்துத் தானாக ஒரு முறையை வகுத்துக்கொண்டிருந்தார். (அண்ணன் ராஜசேகர போஸ் வேதியியல் படித்தவர், 'பரசுராம்' என்ற பெயரில் வங்காளியில் நகைச்சுவைக் கதை எழுதிப் புகழ்பெற்றவர். அந்த வீட்டில் ஒருவரும் ஒரே வேலையில் நின்றதில்லை போல.) 1917-ல் போஸ் உளவியல் எம்.ஏ. வாங்கினார். 1921-ல் ஒடுக்கம் என்ற கருத்தைப் பற்றிய ஆய்வேட்டுக்கு டி.எஸ்ஸி. வாங்கினார். புத்தகத்தை வியன்னாவுக்கு அனுப்பிவைக்க, ஃபிராய்டோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். 1933-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கான வெளிநோயாளர் பிரிவு. 1940-ல் அண்ணன் கொடுத்த நிலத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை.

இன்றைக்கு ஓர் எம்.பி.பி.எஸ். டாக்டர் எம்.எஸ்ஸி. உளவியல் விண்ணப்பத்தை நீட்டினால், "தொடர்புடைய இளங்கலைப் பட்டம்" என்ற வரியைக் காட்டித் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. போஸ் அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தொடங்கிய சங்கத்திலும் டாக்டர்கள் மட்டும் இல்லை. உளவியலும் தத்துவமும் போதித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். இதே சமயத்தில் வியன்னாவில் தியோடர் ரைக் என்பவர் மேல் 'மருத்துவப் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கிறார்' என்று புகார் எழுந்தது. ரைக் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்! அவருக்காகவே 1926-ல் ஃபிராய்டு, மருத்துவர் அல்லாதவர்கள் உளப்பகுப்பாய்வு செய்யலாமா என்று தனியாக ஒரு புத்தகம் எழுதினார். என் தங்கை மகளின் கேள்விக்கு ஃபிராய்டே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று சொன்னதும் அவள் கொஞ்சம் சமாதானமானாள்.

கல்கத்தாவில் ஆய்வுக்கூடம் வந்தாலும் மற்ற இடங்களில் உளவியல் தத்துவத்தின் வீட்டில்தான் குடியிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் போதித்துக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணன் 1912-ல் உளவியலின் அடிப்படைகள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அப்போது அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. தத்துவ வாத்தியார்தான் உளவியலையும் நடத்துவார். நம் பழைய சொல்லைப் பாருங்களேன்: மனோதத்துவம். தத்துவம் அந்தப் பெயருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் அப்பா கடைசி வரைக்கும் "மனோதத்துவ டாக்டர்" என்றுதான் சொல்வார். சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் எல்லாரும் அவருக்கு அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

கல்கத்தாவின் பாடத்திட்டத்தை எழுதிய அதே சீல் 1921-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்தார். 1924-ல் அங்கே உளவியல் துறை வந்தது. இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. துறையின் தலைவர் எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். இவர் 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் நடத்தினார். அதன் பெயர் ஆகாசவாணி. இந்திய வானொலிக்குப் பிறகு வந்த பெயர் ஒரு சைக்காலஜி புரொபசர் வீட்டில் ஒலித்தது என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை வந்தது. அதன்பின் வரிசையாகப் பல ஊர்களில் வந்தன. கல்லூரிகளில் உளவியல் தனி இளங்கலைப் பாடமாக ஆகஆக, எம்.ஏ. விண்ணப்பத்தில் 'இளங்கலையில் உளவியல் படித்திருக்க வேண்டும்' என்கிற வரியும் மெல்ல வந்து உட்கார்ந்துகொண்டது. சீட்டு கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய என்றால் முதலில் இறுகுவது தகுதி விதிதான். ஆனால் அதை எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி இறுக்கவில்லை. முதுகலைக்கு யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த முடிவு. அதனால்தான் "ரெண்டுமே நிஜம்" என்றேன்.

இதுவரை சொன்னது முதல் வாசல். பிள்ளைகள் பலருக்குத் தெரியாதது இரண்டாவது வாசல். அது பெங்களூரில் கட்டப்பட்டது.

1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. ஏற்கெனவே இருந்த மைசூர் அரசு மனநல மருத்துவமனையின் வளாகம். பிறகு 1974-ல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. 1955-ல் அங்கே மருத்துவ உளவியலில் ஒரு டிப்ளமா ஆரம்பித்தார்கள். பேருக்கு டிப்ளமா. ஆனால் முதுகலை முடித்தவர்கள்தான் சேர முடியும். வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே ஒரு மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்க, கதை கேட்டு, சோதனை வைத்து, அறிக்கை எழுதிப் பழக வேண்டும். 1962-ல் ராஞ்சியிலும் இதே மாதிரிப் படிப்பு வந்தது. இந்த டிப்ளமாதான் பின்னால் பெயர் மாறி எம்.ஃபில். ஆனது. மற்றப் பாடங்களில் எம்.ஃபில். என்றால் பிஎச்.டி.க்கு முந்தின ஓர் ஆராய்ச்சிப் படி. இங்கே மட்டும் அது மருத்துவமனைப் பயிற்சி. ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான். பெயரை மட்டும் பார்ப்பவர்களை அது இன்றைக்கும் குழப்புகிறது.

அந்த வாசலுக்குச் சட்டத்தின் பூட்டு 1992-ல் வந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து. மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி செய்பவர்களின் பயிற்சியை முறைப்படுத்த வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் அது. காது கேட்கும் கருவி பொருத்தும் டெக்னீஷியன், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் என்று நீளும் பட்டியலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் ஒருவர். மருத்துவக் கவுன்சிலில் சேராமல் இங்கே ஏன் சேர்ந்தார்கள் என்றால், அறிவுத்திறன் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஐ.க்யூ. சோதனை வேண்டும், அதை வைப்பவர் இவர்தான். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். (ஆயிரம் ரூபாய்! இன்றைக்கு ஒரு மணி நேரக் கவுன்சிலிங் கட்டணமே பல இடங்களில் அதைத் தாண்டிவிடுகிறது.)

2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று வரையறுக்கும்போதும் இந்தக் கவுன்சிலின் அங்கீகாரத்தையே பிடித்துக்கொண்டது. உளவியல் முதுகலை, அதற்கு மேல் இரண்டு வருட முழுநேரப் படிப்பு, மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி. 'முழுநேரம்', 'மேற்பார்வை' என்ற இரண்டு சொற்கள் என்னோடு சம்பந்தப்பட்டவை.

இப்போது என் கதை. 2011-ல் இக்னோவில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். அங்கே எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். திங்கள் முதல் சனி வரை பள்ளிக்கூடம், ஞாயிறு வகுப்பு. புத்தகங்கள் நன்றாக இருந்தன. அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் வகுப்பில் ஒரு நர்ஸ், ஒரு போலீஸ்காரர், இரண்டு பாதிரியார்கள், ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவ்வளவு கலவையான வகுப்பறையை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பாஸ் பண்ணினேன், நல்ல மார்க்கும் வந்தது. அந்தத் தைரியத்தில் எம்.ஃபில்.லுக்கு ஓரிடத்தில் விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டது. நேர்காணலில் ஒருவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "ஓ, ஞாயித்துக்கிழமை சைக்காலஜியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் எழுந்து வரும்போது என் வயதைக் கேட்டார்கள். முப்பத்தெட்டு என்றேன். அதற்கும் சிரிப்பு.

ரொம்ப நாள் அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது. போஸைப் பற்றிப் படித்ததே அந்தக் கோபத்தில்தான். 'பார், அவரும்தான் வேற படிப்பு படிச்சிட்டு, வயசாகித்தான் வந்தார்' என்று யாரிடமோ வாதாட ஆதாரம் சேர்த்தேன். ஆனால் படிக்கப் படிக்க வாதம் என் பக்கமே திரும்பிவிட்டது. போஸ் எம்.ஏ. வகுப்புக்குள் வரும்போது அவருக்குப் பின்னால் சில வருட நோயாளிகள் இருந்தார்கள். அவருக்குப் பட்டம் புதிது, மனிதர்கள் பழையவர்கள். எனக்கு நேர் எதிர். இரண்டு வருடப் படிப்பில் நான் ஒரு நோயாளியோடு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்ததில்லை. அந்த ஆள் கேட்ட விதம் அநாகரிகம். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. கேட்ட விஷயத்தில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதிக்கு, அதாவது வேலையை விட்டு இரண்டு வருடம் முழுநேரமாக உட்கார முடியாதவள் என்ன செய்வாள் என்பதற்கு, அவரிடமும் பதில் இல்லை. அவர்களுடைய சட்டத்திலும் இல்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினேன். படித்தது வீணாகவில்லை. பரீட்சை பயத்தில் வயிற்றுவலி வந்து உட்காரும் பிள்ளைகளிடம் முன்னைவிட ஒழுங்காகப் பேசுகிறேன். ஆனால் என்னை நானே சைக்காலஜிஸ்ட் என்று எங்கும் எழுதிக்கொள்வதில்லை.

கதை அங்கே நின்றிருந்தால் தங்கை மகளுக்குச் சுலபமாகப் பதில் சொல்லியிருப்பேன். கடந்த சில வருடங்களில் இரண்டு வாசல்களையும் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2020-ன் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டமே வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் யு.ஜி.சி. விதியும் அப்படியே வந்தது. 2023 டிசம்பரில் 'எம்.ஃபில். சேராதீர்கள், செல்லாது' என்று அறிவிப்பு. மருத்துவ உளவியலுக்கு எம்.ஃபில்.தான் தொழில் உரிமம் என்பது அப்புறம்தான் உறைத்தது போலிருக்கிறது, 2024 ஜனவரியில் அதற்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தார்கள். டிப்ளமாவாகவே விட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது! மறுவாழ்வு கவுன்சிலோ, பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரும் நான்கு வருட பி.எஸ்ஸி. ஆனர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. கிளினிக்கல் அல்லாத சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் போன்றவர்கள் அதன் பட்டியலில் வருகிறார்கள். அதுவரை கவுன்சிலிங் என்பது கேட்பார் இல்லாத திறந்த மைதானம். மூன்று மாத சான்றிதழ் வைத்திருப்பவரும் போர்டு மாட்டலாம். இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் 2025 ஆகஸ்டில் யு.ஜி.சி., அந்த ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. நான் நுழைந்த வாசல் சாத்தப்பட்டது. என்னோடு படித்த நர்ஸுக்கு மெசேஜ் அனுப்பினேன். "நாமதான் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்" என்று பதில் வந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. 1917-ல் இந்த முடிவை எடுத்தவர் முப்பது வயது டாக்டர். 1955-க்குப் பிறகு இருபத்திரண்டு வயதில் எடுத்தார்கள். இப்போது பதினேழு வயதில் எடுக்கச் சொல்கிறார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு இது நல்லதாக இருக்கலாம். ஆனால் பதினேழு வயதில் தனக்கு மனிதர்களின் கஷ்டத்தைக் கேட்கும் காது இருக்கிறதா என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு முப்பத்தைந்தில்தான் தெரிந்தது.

தங்கை மகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: படித்து என்னவாக ஆசைப்படுகிறாய்? "ஆஸ்பத்திரில இல்ல பெரியம்மா. கம்பெனில ஆளுங்க ஏன் வேலைய விட்டுட்டுப் போறாங்கன்னு பாக்கணும்" என்றாள். அப்பாடா என்றிருந்தது. நிறுவன உளவியலுக்கு இரண்டாவது வாசலின் பூட்டு கிடையாது. பி.காம். அங்கே பாரமும் இல்லை, சொல்லப்போனால் பலம். கல்லூரியில் போதிக்க நினைத்தால் முதுகலையில் 55 விழுக்காடும் நெட் தேர்வும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைதான் என்று பின்னால் மனம் மாறினால், எம்.எஸ்ஸி.யை நேரடி வகுப்பில் படித்திருப்பது உதவும். அதனால் எங்கே சேர்ந்தாலும் ரெகுலராகச் சேர், விண்ணப்பத்தில் தகுதி பற்றிய பத்தியை இரண்டு முறை படி, புரியாவிட்டால் எழுத்தில் கேட்டுப் பதிலும் எழுத்தில் வாங்கு என்றேன். யூடியூப் அண்ணன்களின் பேச்சை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது.

"என் பி.காம்.ல நிறுவன நடத்தைன்னு ஒரு பேப்பர் இருக்கு. அது சைக்காலஜிதானே?" என்று கேட்டாள். பாடத்திட்டத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஆளுமை, ஊக்கம், மனப்பான்மை, குழு. மாஸ்லோவும் இருந்தார். முக்கால்வாசி சைக்காலஜிதான். அதை நகல் எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லிவிட்டு, அவளுக்காக நானே ஒரு கல்லூரிக்குப் போன் செய்தேன். "மத்த டிகிரின்னா ரூல் பாக்கணும் மேடம். ஹெச்.ஓ.டி. லீவு. திங்கக்கிழமை கூப்பிடுங்க" என்றார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு பதினொன்றாம் வகுப்பு லேப். அது முடிந்ததும் கூப்பிட வேண்டும்.